வெளிநாட்டு விவசாய உதவித் திட்டங்கள்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்திய, ஊவா மாகாணங்களில் வெளிநாட்டு நிதியில் நடக்கும் விவசாயத் திட்டங்களில் களப்பணியாளராக வேலை செய்கிறேன். ஹட்டனோ வெலிமடையோ, கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில்தான் ஆட்கள் மனதில் உள்ளதைக் கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தந்திருக்கிறேன். மரக்கறி செய்பவர்கள், மாடு வளர்ப்பவர்கள், சிறு தேயிலைத் தோட்டக்காரர்கள், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்துகொண்டு பக்கத்துத் துண்டு நிலத்தில் எதையாவது போடலாமா என்று பார்ப்பவர்கள் எல்லோருக்குமாக எழுதியது இது. திட்ட ஆபீஸ்களில் இருப்பவர்களும் படித்தால் நல்லது.

மிஸ், இந்தக் காசை உண்மையிலேயே குடுக்கிறது யாரு?

சில நேரம் ஒரு நாட்டு அரசாங்கம். நுவரெலியா மாவட்டத்தின் ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டத்துக்கு நெதர்லாந்து காசு கொடுத்தது. மகாவலியின் மேல் நீரேந்துப் பகுதியில் மண் அரிப்பைத் தடுக்கும் வேலைக்கு ஜெர்மனி உதவியது. சில நேரம் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் நிறுவனம் கொடுக்கும்: உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, ரோமில் தலைமையகம் உள்ள விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம். அந்த நிதியம் 1978இல் முதன்முதலாகக் கடன் கொடுத்த திட்டங்களில் ஒன்று நம் நாட்டின் கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டம். பின்னாளில் பதுளை மாவட்டக் கிராமிய அபிவிருத்திக்கும் சிறு தேயிலைத் தோட்டங்களின் மீள்நடுகைக்கும் அங்கிருந்து நிதி வந்தது.

மூன்றாவது வகை தொண்டு நிறுவனங்கள். இவற்றில் பல, வேறொருவரின் காசைக் கொண்டுவந்து வேலை செய்பவை. ஐரோப்பிய ஒன்றியம் ஒதுக்கிய நிதி நம் ஊருக்கு வரும்போது ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரோடு வரலாம். அதனால் பெயர்ப்பலகையில் உள்ள சின்னங்களில் நிதி கொடுத்தவருடையது எது, வேலையை நடத்துபவருடையது எது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். பின்னால் குறை சொல்ல வேண்டி வந்தால் இது தேவைப்படும்.

சும்மா குடுக்கிறதா, இல்ல கடனா? நாளைக்கு எங்ககிட்ட திருப்பிக் கேட்பாங்களா?

இரண்டும் உண்டு. நன்கொடையைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கடன் என்றால் கட்டுவது திறைசேரி. அதற்காக உங்கள் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். ஆனால் கடையில் சீனியும் பருப்பும் வாங்கும்போது நாம் கொடுக்கும் வரியும் அந்தத் திறைசேரியில்தான் சேருகிறது. எனவே கடனில் நடக்கும் திட்டத்தைக் கேள்வி கேட்க நமக்கு இன்னும் கூடுதல் உரிமை இருக்கிறது. இன்னொன்று, சில திட்டங்களுக்குள்ளேயே வங்கி மூலம் விவசாயிக்குக் கடன் கொடுக்கும் பகுதி ஒன்று இருக்கும். அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் "இது மானியமா, கடனா?" என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள்.

உலக வங்கி போன்றவை ஏழை நாடுகளுக்குக் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில் கடன் தரும். நாடு நடுத்தர வருமானத்துக்கு உயர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும். இலங்கைக்கும் அப்படிப் போய், பொருளாதார நெருக்கடிக்குப் பின் 2022 இறுதியில் மறுபடி கிடைத்தது. ஆனால் விவசாயத்தின் பெயரில் வரும் கடன் எல்லாமே சலுகைக் கடன் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து 20,000 கறவைப் பசுக்களைக் கொண்டுவந்து பண்ணையாளர்களுக்குக் கொடுக்கும் திட்டம் வெளிநாட்டு வணிகக் கடனில் நடந்தது. 2017இல் பசுக்கள் வரத் தொடங்கின; சுமார் 5,000 வந்ததோடு நின்றது. பல பசுக்கள் நோயில் செத்தன. அவற்றை நம்பிக் கொட்டகை கட்டியவர்கள் கடனாளியானார்கள்.

அந்த நாட்டுக்காரங்க நேரா எங்க சங்கத்துக்கே அனுப்பலாமே? நடுவுல எதுக்கு இத்தனை பேர்?

அரசாங்கத்துக்கு வரும் உதவியில் இலங்கை சார்பில் உடன்படிக்கை செய்வது நிதி அமைச்சின் கீழுள்ள வெளிநாட்டு வளங்கள் திணைக்களம். அங்கிருந்து விவசாய அமைச்சு அல்லது பெருந்தோட்ட அமைச்சு, அதன் கீழ் திட்டத்துக்கென்றே திறக்கும் திட்ட முகாமைத்துவ அலகு, பிறகு மாகாணத் திணைக்களம், பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், விவசாயப் போதனாசிரியர், கடைசியில் உங்கள் சங்கம். தோட்டப்புறம் என்றால் இன்னும் இரண்டு கதவு: தோட்டக் கம்பனியும், நாம் 'டிரஸ்ட்' என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும். ஒவ்வொரு கதவிலும் ஒரு கோப்பு நிற்கும். விதைக் கிழங்கு நடுகைக் காலம் தாண்டி வந்து சேர்வது இப்படித்தான்.

ஆனால் அரசாங்கத்தைத் தாண்டி நேரே வருவது மட்டும் நல்லது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாடும் தனித்தனி ஆபீஸ், தனித்தனிப் படிவம், தனித்தனிக் கணக்கு என்று வைத்துக்கொண்டு, போகும்போது எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போன அனுபவம் உலகெங்கும் இருந்தது. அதனால்தான் 2005இல் பாரிசில் கொடுக்கும் நாடுகளும் பெறும் நாடுகளும் சேர்ந்து ஒரு பிரகடனம் செய்தன: பெறும் நாடே தன் திட்டத்தை வகுக்க வேண்டும், கொடுப்பவர்கள் அந்த நாட்டு நிர்வாகத்தின் வழியே போக வேண்டும், பலனுக்கு இரு தரப்பும் பதில் சொல்ல வேண்டும். தாளில் நல்ல ஏற்பாடு. ஆனால் 'பெறும் நாடு' என்று அதில் கையெழுத்துப் போட்டது கொழும்பு. கொழும்பிலிருந்து பொகவந்தலாவை வரை அந்த உரிமை இறங்கி வர வேண்டும் என்றால் நாமும் பேச வேண்டும். எப்போது பேசலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாதிக் காசு வாகனத்துக்கும் ஹோட்டல் கூட்டத்துக்கும் போயிடுதாமே?

ஒவ்வொரு திட்ட ஆவணத்திலும் செலவு அட்டவணை இருக்கும். எந்த வேலைக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, ஆலோசகர்களுக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். பெரிய கடன் நிறுவனங்கள் இதைத் தங்கள் இணையத்தளத்திலேயே வெளியிடுகின்றன. ஊர்க் கதையை நம்புவதைவிட அதைப் பார்ப்பது மேல். நிர்வாகச் செலவு எல்லாமே வீண் என்றும் சொல்ல முடியாது. விவசாயப் போதனாசிரியருக்குப் பெற்றோல் காசு இல்லாத திட்டத்தில், சொட்டு நீர்க் குழாயைப் பொருத்திக் காட்ட ஆள் வராமல் அந்தக் கறுப்புக் குழாய் வேலி கட்டப் போனதை நேரில் கண்டிருக்கிறேன். ஹோட்டல் கூட்டம் பற்றி எனக்கும் சமாதானம் இல்லை. அதே கூட்டத்தைப் பிரதேச செயலக மண்டபத்தில் வைத்தால் நம் ஆட்களும் வரலாம்.

கண்ணுக்குத் தெரியாமல் திரும்பிப் போகும் காசு வேறு இருக்கிறது. சில உதவிகளில், கொடுக்கும் நாட்டின் பொருளையோ கம்பனியையோதான் எடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பார்கள். ஜப்பானின் ஒரு வகைச் சலுகைக் கடனில் குறைந்தது 30 சதவீதம் ஜப்பானியப் பொருளும் சேவையும் இருக்க வேண்டும். இந்தியக் கடன் வசதிகளில் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வர வேண்டும். நம் மலைகளிலேயே பாருங்கள்: மகாவலித் திட்டத்தில் கொத்மலை அணைக்கு ஸ்வீடன் உதவியது, கட்டியது ஸ்வீடன் கம்பனி. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா உதவியது, கட்டியது பிரித்தானியக் கம்பனிகள்.

அப்ப குடுக்கிறவங்களுக்கும் இதுல லாபம் இருக்கா?

இருக்கிறது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மேலே சொன்ன வியாபாரம் ஒன்று. நட்பு நாடாக வைத்திருப்பது இன்னொன்று: 1950 ஜனவரியில் கொழும்பில் கூடிய பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் மாநாட்டில் பிறந்த, ஆசிய நாடுகளின் அபிவிருத்திக்கு உதவும் கொழும்புத் திட்டத்துக்குப் பின்னால் ஆசியாவில் கம்யூனிசம் பரவுமோ என்ற பயமும் இருந்தது. சில நேரம் பழைய முதலீட்டைக் காப்பாற்றவும் வருவார்கள். மகாவலியின் ரந்தெனிகல அணைக்கு உதவியது ஜெர்மனி. மேட்டு நிலத்துக் கரட், கிழங்குப் பாத்திகளிலிருந்து கழுவிப் போகும் மண் மகாவலி நீர்த்தேக்கங்களில்தான் போய்ப் படியும். பிறகு அதே ஜெர்மனி மேல் நீரேந்துப் பகுதியில் மண் காப்பு வேலைக்கு வந்ததில் வியப்பில்லை. சரிவுக்குக் குறுக்கே கிளிரிசீடியா மர வேலி வைப்பதால் நம் மண்ணும் நிற்கிறது, கீழே அணையும் பிழைக்கிறது. இப்படி இரண்டு பேருக்கும் பொருந்தும் இடம் எது என்று பார்த்துப் பேசினால் நம் பேச்சுக்குப் பலம் வரும். கையேந்தி நிற்கிறோம் என்ற கூச்சம் வேண்டாம்.

திட்டத்தை எழுதும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களா?

கேட்பதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. திட்டம் உருவாகும்போது ஒரு வடிவமைப்புக் குழு வரும், பிறகு மதிப்பீட்டுக் குழு வரும், அதன் பிறகே உடன்படிக்கை. இந்த முதல் இரண்டு வருகையில் மக்களைச் சந்தித்ததாக எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி. சிக்கல், யாரைச் சந்திக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கார்ப்பெட் பாதையோரத்து ஊர், ஆங்கிலம் பேசும் சங்கச் செயலாளர், தோட்டத் துரை காட்டிய லயம். வேனை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் ஏறிப் போக வேண்டிய தோட்ட டிவிசனுக்குப் பெரும்பாலும் போவதில்லை.

கூட்டம் நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில்) பிளாஸ்டிக் கதிரை போட்டிருக்கும். முன்வரிசையில் தலைவர்மார். வந்தவர் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசுவார். மொழிபெயர்ப்பவர் அதை இரண்டு வசனத்தில் முடிப்பார். "உங்கள் பிரச்சினை என்ன?" என்று கேட்டதும் முன்வரிசை "ரோட்டு, தண்ணி, வீடு" என்று சொல்லும். பின்னால் நிற்கும் பெண், மாட்டுக்குப் புல் வெட்டத் தோட்டத்துக்காரர்கள் விடுவதில்லை என்று பக்கத்தில் நிற்பவளிடம் மட்டும் சொல்வாள். பால் உற்பத்தித் திட்டம் எழுத வந்தவருக்கு வேண்டிய தகவல் அது ஒன்றுதான், அது அவர் காதுக்குப் போகாது. உங்கள் ஊரில் இப்படி ஒரு கூட்டம் வந்தால், முதல் நாளே நான்கைந்து பேர் பேசி, எதைச் சொல்வது, யார் சொல்வது என்று முடிவு செய்து, ஒரு தாளிலும் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னதை மறந்துவிடலாம். தாள் கோப்பில் இருக்கும்.

நாங்க கேட்டது தண்ணி டாங்கி. வந்தது பொலித்தீன் கூடாரம். ஏன் இப்படி?

ஒவ்வொரு நிதிக்கும் ஒரு எல்லை உண்டு. விவசாய உற்பத்திக்கென்று ஒதுக்கிய காசில் குடிநீர் டாங்கி கட்டினால் கணக்காய்வில் மாட்டும். எனவே கேட்கும்போது அந்த எல்லைக்குள் கேளுங்கள்: "மேலே பாசன டாங்கி இருந்தால் குழாயில் தண்ணீர் தானாக இறங்கும், மோட்டார் வேண்டாம்" என்று சொன்னால் அது விவசாயத் திட்டத்தில் நியாயமாக அடங்கும்.

கூடாரத்தைப் பொறுத்தவரை, நல்ல பொருள்தான், இடம் பார்த்து வைத்தால். தென்மேல் பருவத்தில் ஜூன், ஜூலைக் காற்று நேரே அடிக்கும் முகட்டில் வைத்தால் விரிப்பு கிழிந்துவிடும். புது விரிப்பு எங்கே விற்கிறது, என்ன விலை, யார் வாங்குவது என்று தெரியாமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாததை வாங்கிப் பூட்டி வைத்தால், அடுத்த திட்டம் வரும்போது "இந்த ஊரில் கொடுத்துப் பயனில்லை" என்று எழுதுவார்கள்.

எங்க பேர்ல காணியே இல்ல. விவசாயத் திட்டத்துல எங்களைச் சேர்ப்பாங்களா?

மலையகத்தில் எனக்கு மிகவும் வலிக்கும் கேள்வி இது. விவசாய உதவி என்று எழுதுகிறவர்கள் மனதில் காணியுள்ள கமக்காரர்தான் இருக்கிறார். கமநல சேவை நிலையப் பதிவு, உர மானியம், கமக்காரர் அமைப்பு எல்லாம் அந்தக் காணியிலிருந்து தொடங்குகின்றன. தோட்டக் காணிகள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகையும் கொடுத்தார்கள். அந்தக் காணியில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு லயத்துக் காம்பராவுக்கே உறுதிப் பத்திரம் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் நாம். 2003 குடியுரிமைச் சட்டம் வரும் வரை அந்தப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்யத் தடையாக இருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவும் 2018இல்தான் திருத்தப்பட்டது. கிராமங்களுக்கு உதவி வந்துகொண்டிருந்தபோது லயம் ஏன் வெளியே நின்றது என்பதற்கு இந்த வரலாறுதான் பதில்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? காணி உறுதி கேட்காத வேலைகள் உண்டு: கறவை மாடு, கோழி, காளான், தேனீ, நாற்று மேடை, லயத்தைச் சுற்றிய வீட்டுத்தோட்டம். இவற்றுக்குக் கூடப் பல திட்டங்களில் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். அதைத் தனி ஆளாகப் போய்க் கேட்காமல், குழுவாக, கிராம உத்தியோகத்தரின் சிபாரிசோடு எழுத்தில் கேளுங்கள். கைவிட்ட தேயிலை மலைகளில் குழுக் குத்தகைக்கு இடம் கேட்பது இன்னொரு வழி. சில கம்பனிகள் தேயிலைத் துண்டுகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைத் தாங்களே வாங்கும் முறையையும் நடத்துகின்றன. அதில் சேர்வதென்றால் எத்தனை வருடம், உரம் யார் செலவு, கொழுந்து விலை எப்படிக் கணக்கிடுவது, சேமலாப நிதி தொடருமா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

நிதி கொடுப்பவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் நான் சொல்வது: பயனாளியைத் தெரிவு செய்யும் நிபந்தனையில் "காணி உறுதி" என்ற வரியை எடுத்துவிட்டு "குறைந்தது இத்தனை வருடம் பயிரிட எழுத்து அனுமதி" என்று போடுங்கள். அந்த ஒரு வரி மாறினால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ளே வரும்.

"நீங்களும் பங்கு போடணும்"ங்கிறாங்க. நாள் சம்பளக்காரங்க எங்க போறது?

பாதிக்குப் பாதி, அல்லது அதற்குக் கிட்டிய மானியம் இப்போது வழக்கமாகிவிட்டது. சும்மா கிடைத்ததை ஆட்கள் பராமரிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருந்தாலும், இந்த முறையில் கையில் காசு உள்ளவருக்கே உதவி போய்ச் சேர்கிறது. பெரும்பாலான திட்டங்களில் உங்கள் பங்கை உழைப்பாகவும் பொருளாகவும் போடலாம்: குழி வெட்டியது, கல் சுமந்தது, கொட்டகைக்கு மரம் கொடுத்தது. அதை நாளாந்தம் ஒரு கொப்பியில் எழுதி, அன்றைய கூலி விலையில் கணக்குப் போட்டு, திட்ட உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்குங்கள். எழுதி வைக்காத உழைப்பைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

பொம்பளைங்க பேர் கட்டாயம்னு சொல்றாங்க. ஆனா கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்கிறாங்களே?

காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய், மலையில் ஏறி, மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண் பத்து மணிக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் (அந்த நாள் சம்பளம்) போய்விடும். இதைத் திட்டக்காரர்களிடம் நேராகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை, அல்லது கொழுந்து நிறுத்த பிறகு என்று கேளுங்கள். மாற்றுவார்கள், ஏனென்றால் பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்பது அவர்கள் அறிக்கையில் போக வேண்டிய எண். அதோடு, பெயர் மனைவியுடையது, வங்கிக் கணக்கு கணவனுடையது என்ற ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபீசர் வந்தாலே போட்டோ, கையெழுத்து. எங்களை வச்சு என்ன பண்றாங்க?

கொடுப்பவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 'தர்க்கச் சட்டகம்' என்று ஓர் அட்டவணை உண்டு. 1969இல் அமெரிக்க உதவி நிறுவனத்துக்காக உருவானது, இன்று எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை கூடாரம், வருமானம் எத்தனை சதவீதம் கூடியது என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். உங்கள் கையெழுத்து ஒரு கட்டத்தை நிரப்புகிறது. அதில் தப்பில்லை. ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வருமானம் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். உதவி நின்றுவிடும் என்று பயந்து குறைத்துச் சொல்வதும், ஆபீசர் மனம் நோகுமே என்று கூட்டிச் சொல்வதும் இரண்டுமே உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஆரம்பக் கணக்கெடுப்பில் சொன்னதும் முடிவில் சொல்வதும் ஒப்பிடப்படும்.

மிஷன்ல வர்றவங்ககிட்ட குறை சொன்னா திட்டத்தை நிறுத்திட மாட்டாங்களா?

ஒரு சங்கம் குறை சொன்னதற்காகத் திட்டத்தை நிறுத்துவதில்லை. 'மிஷன்' என்று நாம் சொல்லும் மேற்பார்வைக் குழு வருவதே குறையைக் கண்டுபிடிக்கத்தான். அதிலும் இடைக்கால மீளாய்வு என்று திட்டத்தின் நடுவில் ஒன்று வரும். அப்போது காசை ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும், நிபந்தனையைத் திருத்தவும் முடியும். வடிவமைப்பின்போது உங்கள் ஊர் விடுபட்டிருந்தால் அடுத்த நல்ல சந்தர்ப்பம் இது. அது எந்த வருடம் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சொல்லும் விதம் முக்கியம். "ஒண்ணுமே சரியில்ல" என்றால் எழுத ஒன்றும் இல்லை. "கிழங்கு விதை நடுகை முடிந்த பிறகு வந்தது, பாதி அழுகியது, இதோ வந்த திகதி போட்ட பற்றுச்சீட்டு" என்றால் அது அறிக்கையில் ஏறும். உள்ளூர் ஆபீசர் பக்கத்தில் நிற்கும்போது பேசத் தயக்கமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று குழுவிடம் கேட்கலாம். நல்ல குழு ஒத்துக்கொள்ளும்.

ஒரே ஊருக்கு மூணு திட்டம் வருது, அடுத்த டிவிசனுக்கு ஒண்ணும் இல்ல. இது என்ன நியாயம்?

நியாயமில்லை. வடிவமைப்புக் குழு பாதையோரத்தோடு திரும்பிவிடுவதை மேலே சொன்னேன். அதோடு, நன்றாக ஓடும் சங்கத்தில் காசு போட்டால் அறிக்கை நன்றாக வரும் என்பதால் எல்லோரும் அதே சங்கத்தைத் தேடுகிறார்கள். ஒரே ஆள் மூன்று சங்கத்துக்கும் தலைவராக இருக்கும் ஊர்களும் உண்டு. பிரதேச செயலகத்தின் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில்தான் இதை எழுப்ப வேண்டும்.

திட்டம் முடிஞ்சு அவங்க போனப்புறம் மெஷின் பழுதானா?

ஒப்படைத்த நாளிலிருந்து அது உங்களுடையது. எனவே ஒப்படைப்புக்கு முன் கேட்க வேண்டியவை: உதிரிப்பாகம் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கிடைக்குமா, கொழும்புதானா? திருத்தத் தெரிந்தவர் யார்? மின்கட்டணம் மாதம் எவ்வளவு? பால் குளிரூட்டி போன்ற பெரிய பொருளுக்கு, ஒரு லீற்றருக்கு இத்தனை ரூபாய் என்று பிடித்துப் பராமரிப்புக் கணக்கில் போடும் வழக்கத்தைத் திட்டம் நடக்கும் காலத்திலேயே தொடங்குங்கள். முடிந்த பிறகு தொடங்கிய சங்கம் எதையும் நான் பார்க்கவில்லை. சொட்டு நீருக்கு வடிகட்டிதான் உயிர். ஓடைத் தண்ணீரில் இலைச் சருகும் மண்ணும் வரும், கழற்றிக் கழுவாவிட்டால் ஒரே போகத்தில் துளையெல்லாம் அடைத்துவிடும். பயிற்சியில் அதை உங்கள் கையால் கழற்றிப் பூட்டிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

பாதியில நின்னுட்டா என்ன பண்றது?

நடக்கிறதுதான். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியபோது பல நாடுகளின் கடனில் நடந்த வேலைகள் நின்றன. ஜப்பானியக் கடன் திட்டங்கள் 2024 ஜூலையில்தான் மீண்டும் தொடங்கின. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியது, ஜூலையில் அதன் உதவி நிறுவனமே மூடப்பட்டது. இரண்டு வருடத்துக்கு முன், 2023இல், அதே அமெரிக்க உதவியில் 36,000 மெற்றிக் தொன் முச்சுப்பர் பொஸ்பேற்று உரம் நம் நெற்செய்கையாளர்களுக்கு வந்தது. நோர்வே 2023இல் கொழும்புத் தூதரகத்தை மூடியது. இவற்றில் எதுவும் உங்கள் சங்கத்தின் குற்றமில்லை.

செய்யக்கூடியது, உங்கள் பங்கை ஒரே தடவையில் கொட்டாமல் இருப்பது. அவர்கள் தவணை வந்த பிறகு உங்கள் தவணை என்று ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள். மானியம் வருமென்று நம்பி அடகு வைக்காதீர்கள்.

காசுல குளறுபடின்னு சந்தேகம் வந்தா யார்கிட்ட போறது?

முதலில் திட்டத்துக்குள்ளேயே உள்ள முறைப்பாட்டு ஏற்பாடு. பெரிய திட்டங்களில் இது கட்டாயம், பெயர்ப்பலகையில் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். அங்கே பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச செயலகமோ திணைக்களமோ, ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். சாதாரணத் தாளில் தமிழில் எழுதலாம், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுதிக்கொள்ள வேண்டும். தருவார்களா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலர், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. அரசாங்கத்தின் அல்லது வெளிநாட்டு நிதியில் பெருமளவு தங்கி மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. "எங்கள் ஊருக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, பயனாளிப் பட்டியலைத் தாருங்கள்" என்று குறிப்பாகக் கேளுங்கள். "ஊழல் நடந்ததா?" என்று கேட்டால் பதில் வராது.

உலக வங்கித் திட்டத்தால் நேரடிப் பாதிப்பு என்றால் முறைப்பாட்டை விசாரிக்க வங்கி 1993இல் அமைத்த பரிசோதனைக் குழு இருக்கிறது. இரண்டு பேராவது சேர்ந்து, நம் மொழியிலேயே எழுதலாம். ஆனால் அதற்கு முன் வங்கி அதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்ததற்குச் சான்று வேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு.

பேப்பர் எல்லாம் இங்கிலீஷ், சிங்களம். தமிழ்ல கேட்டா குடுப்பாங்களா?

கொடுக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. நுவரெலியா, அம்பகமுவ போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. அரச திணைக்களம் நடத்தும் திட்டத்தின் படிவமும் ஒப்பந்தமும் தமிழில் இல்லை என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். முந்நூறு பக்கத் திட்ட ஆவணம் முழுவதும் தமிழில் கிடைக்காது. சுருக்கம், செலவு அட்டவணை, பயனாளித் தெரிவு நிபந்தனை, உங்கள் சங்கத்தோடு செய்யும் ஒப்பந்தம், இந்த நான்கையும் கேளுங்கள். ஒப்பந்தம் தமிழில் வரும் வரை கையெழுத்தைப் பிற்போடலாம். அதற்காகப் பெயரை வெட்ட மாட்டார்கள். வெட்டுவோம் என்று யாராவது சொன்னால் திகதியோடு குறித்து வைத்து, முந்திய பதிலில் சொன்ன முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழையுங்கள்.